கண் செய்யும் கழித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதாந்தர ஆய்வுக் கூட்டத்துக்காக நான் ஒரு வட்ட விளக்கப்படம் தயாரித்திருந்தேன். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த புகார்கள் எந்தெந்தக் காரணங்களால் எழுந்தன என்பதைச் சொல்வதற்கான படம் அது. ஒன்பது காரணங்கள், ஒன்பது துண்டுகள், ஒன்பது நிறங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல் வலப்பக்கத்தில். போதாததற்கு, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று படத்தைச் சற்றே சாய்த்து முப்பரிமாணத் தோற்றமும் கொடுத்திருந்தேன். திரையில் அது தோன்றியதும் என் மேலதிகாரி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாமதம் பெரிசா, தப்பான பில் பெரிசா?" என்று கேட்டார். நான் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்று வட்டத்தின் மேற்புறத்தில் ஒடுங்கிக் கிடந்தது. மற்றொன்று கீழ்ப்புறத்தில், முப்பரிமாணத்தின் தடித்த விளிம்போடு துருத்திக்கொண்டிருந்தது. படத்தை வரைந்த எனக்கே தெரியவில்லை. மடிக்கணினியில் எக்செல் கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். "எண்ணைப் பார்த்துத்தான் சொல்லணும்னா இந்தப் படம் எதுக்குங்க?" என்றார் அவர். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் ஆழமாக இறங்கியது.

மென்பொருள்களில் விளக்கப்படங்கள் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாம் தரவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, துணிக்கடையில் நிறம் பார்ப்பதுபோல, இது நன்றாக இருக்கிறதா, அது நன்றாக இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எனக்குள் மெல்ல உருவான எண்ணம் இது: ஒவ்வொரு விளக்கப்படமும் பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு கணக்கைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது கழித்தல் கணக்கு. இது அதைவிட எவ்வளவு பெரியது, இன்று நேற்றைவிட எவ்வளவு குறைந்தது, இந்தப் புள்ளி கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பவையெல்லாம் கழித்தல்கள்தாம். எந்தக் கழித்தலைக் கண் செய்ய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்தக் கழித்தல் எளிதாக நடக்கும் வடிவத்தைத் தேடினால் வகைத் தேர்வு தானாகவே பாதி முடிந்துவிடுகிறது. தரவின் வகையிலிருந்து தொடங்கினால் அது முடிவதே இல்லை.

கண் எல்லாக் கழித்தலையும் ஒரே திறமையோடு செய்வதில்லை என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஓர் எண்ணைப் படமாக்கும் வழிகளைக் கண் அவற்றை எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்ற வரிசையில் நிறுத்தினார்கள். ஒரே அச்சின்மேல் இரண்டு புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று ஒப்பிடுவதே கண்ணுக்கு மிக எளிது. அதற்கு அடுத்தது, ஒரே அளவுகோல் கொண்ட, ஆனால் தனித்தனியாக நிற்கும் அச்சுகளில் இடத்தை ஒப்பிடுவது. அதன்பின் நீளம், திசை, கோணம்; அதற்கும் கீழே பரப்பு; அதற்கும் கீழே கனஅளவு; எல்லாவற்றுக்கும் அடியில் நிறத்தின் செறிவு. 2010இல் ஜெஃப்ரி ஹீர், மைக்கேல் பாஸ்டாக் ஆகியோர் இணையவழியில் ஆட்களைத் திரட்டி அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோதும் முடிவுகள் பெரிதும் அப்படியே வந்தன.

என் வட்டப் படத்தை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். வட்டத்தின் துண்டுகளைக் கண் கோணமாகவோ பரப்பாகவோ அளக்க வேண்டியிருக்கிறது. இரண்டு துண்டுகளும் வெவ்வேறு திசையை நோக்கி நிற்பதால் ஒன்றை மனத்துக்குள் சுழற்றி மற்றதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் கொடுத்திருந்த சாய்வு, அளந்து எடுக்க வேண்டிய அந்தக் கோணங்களையே சிதைத்துவிட்டிருந்தது. அதே ஒன்பது எண்களை அன்று மாலை கிடைமட்டப் பட்டைகளாக, பெரியது மேலே வரும்படி அடுக்கி வரைந்தேன். தாமதம் இரண்டாவது, தவறான பில் மூன்றாவது. பட்டைகளின் நுனிகள் ஒரே அச்சின்மேல் நிற்பதால் எவ்வளவு வேறுபாடு என்பதும் விரற்கடை அளவில் தெரிந்தது. நிறப் பட்டியல் தேவைப்படவில்லை. எல்லாப் பட்டைக்கும் ஒரே நிறம் போதுமானதாக இருந்தது.

கிடைமட்டம் என்றதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் அழகியல் விஷயம் இல்லை. 'காத்திருப்பு நேரம் நீட்டிக்கப்பட்டது' என்பது போன்ற ஒரு பெயரைச் செங்குத்துப் பட்டையின் அடியில் வைக்க இடமிருக்காது. மென்பொருள் உடனே அதைச் சாய்த்துவிடும், வாசகர் கழுத்தைச் சாய்த்துப் படிக்க நேரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பட்டைகளைப் படுக்கவைத்துவிட்டால் அவை இடப்பக்கத்தில் நிம்மதியாக நிற்கும்.

வட்டப் படத்தை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வட்டப் படத்தை 1801இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவராகக் கருதப்படும் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் எவ்வெவ்வளவு இருந்தது என்பதைக் காட்டவே அதைப் பயன்படுத்தினார். மூன்றே துண்டுகள். கேள்வியும் முழுமையில் இது எவ்வளவு பங்கு என்பதுதான். பாதிக்கு மேலா, கால்வாசியா என்பதைக் கண் கோணத்திலிருந்து உடனே பிடித்துக்கொள்கிறது, ஏனென்றால் செங்கோணமும் அரைவட்டமும் நமக்குப் பழக்கமான அளவுகள். இரண்டு மூன்று துண்டுகள் இருந்து, முழுமையோடு ஒப்பிடுவதே நோக்கமாக இருந்தால் வட்டம் தன் வேலையைச் செய்யும். துண்டைத் துண்டோடு ஒப்பிடச் சொல்லும்போதுதான் அது கைவிரிக்கிறது.

பட்டைகளுக்கு வருவோம். பட்டையின் செய்தி அதன் நீளத்தில் இருக்கிறது. ஆகவே அது பூஜ்ஜியத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். 52, 54 என்ற இரண்டு எண்களை 50இல் தொடங்கும் அச்சில் பட்டைகளாக நிறுத்தினால், ஒன்றின் உயரம் 2, மற்றதன் உயரம் 4. வேறுபாடு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. கண்ணுக்கோ ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு. அச்சில் 50 என்று எழுதியிருக்கிறதே, பார்ப்பவர் படித்துக்கொள்ளலாமே என்று வாதிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண் கழித்து முடித்த பிறகுதான் மூளை அச்சைப் படிக்கிறது. அதற்குள் இரு மடங்கு என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. ஆனால் இதே விதியைக் கோட்டு வரைபடத்தின் தலையிலும் சுமத்துவது தவறு. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தை 37இலிருந்து 39 பாகைவரை ஏறி இறங்குவதாகக் காட்டும் கோட்டைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் அச்சில் வரைந்தால், கிடைப்பது தட்டையான ஒரு கோடு. நோயாளி படுத்த படுக்கையாக இருப்பார், படம் அவர் நலமாக இருக்கிறார் என்று சொல்லும். கோட்டில் கண் உயரத்தை அளப்பதில்லை, ஏற்ற இறக்கத்தை அளக்கிறது. அளக்கப்படும் பொருள் வேறு என்பதால் விதியும் வேறு.

இந்த இரண்டு வகைகளுமே 1786இல் பிளேஃபேர் வெளியிட்ட வணிக வரைபடத் தொகுப்பில் இடம்பெற்றவை. அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ எல்லாப் படங்களும் ஆண்டுவாரியாக ஏறி இறங்கும் கோடுகள். ஸ்காட்லாந்துக்கு மட்டும் 1780-81ஆம் ஆண்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குதான் அவருக்குக் கிடைத்தது. ஓராண்டுக் கணக்கை வைத்துக் கோடு இழுக்க முடியாது. வேறு வழியில்லாமல் ஸ்காட்லாந்தோடு வணிகம் செய்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஜோடிப் பட்டைகளை வரைந்தார். காலம் இல்லாத அந்தப் படம் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தது என்றே அவர் நினைத்தார். இன்று உலகில் மிக அதிகமாக வரையப்படும் வகைகளுள் ஒன்று, போதிய தரவு இல்லாததால் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். ஆனால் அவர் அந்த இடத்தில் செய்தது சரியான தேர்வு. நாடுகளுக்கு இடையே கோடு இழுத்திருந்தால் இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஏதோ ஒன்று படிப்படியாக மாறுகிறது என்று பொருளாகியிருக்கும். கோடு என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது என்ற கூற்று. துறைகளையும் பொருள்களையும் வாடிக்கையாளர் வகைகளையும் கோட்டால் இணைத்த படங்களை இன்றும் அறிக்கைகளில் பார்க்கிறேன். கணக்குத் துறைக்கும் விற்பனைத் துறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

பிளேஃபேரின் கோட்டுப் படங்களில் ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணம். இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியப் பகுதிகளுக்கும் இடையிலான வணிகத்தில் ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே உள்ள வெளிதான் வணிகப் பற்றாக்குறை என்று அவர் வரைந்திருந்தார். பார்க்க அழகான படம். கிளீவ்லாந்தும் மெக்கில்லும் அதே தரவை எடுத்து, ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டை எண்ணாகவே கழித்து, அந்த வேறுபாட்டைத் தனிக் கோடாக வரைந்து காட்டினார்கள். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் பற்றாக்குறை சட்டென்று எகிறித் திரும்ப இறங்கியிருப்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. மூலப் படத்தில் அந்த இடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது கண்ணில் படாது. காரணம், இரண்டு வளைகோடுகளும் சேர்ந்து செங்குத்தாக ஏறும் இடத்தில் கண் மேலிருந்து கீழாக அளப்பதில்லை. ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு மிகக் குறுகிய வழி எதுவோ அதை அளக்கிறது. அந்தக் குறுக்கு வழியில் இடைவெளி எங்கும் ஒரே அளவாகத் தோன்றுகிறது. உண்மையான வேறுபாடோ செங்குத்தாக இருக்கிறது.

இதைப் படித்தபோது என் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவு ஒரு கோடு, செலவு ஒரு கோடு. இலக்கு ஒரு கோடு, எட்டியது ஒரு கோடு. வந்த புகார் ஒரு கோடு, தீர்த்த புகார் ஒரு கோடு. எல்லாவற்றிலும் நான் சொல்ல வந்தது வேறுபாட்டைப் பற்றி. எல்லாவற்றிலும் வேறுபாட்டை வரையாமல் அதைக் கணக்கிடும் வேலையை வாசகரின் கண்ணிடம் விட்டிருந்தேன், அதுவும் கண் தவறாகச் செய்யும் என்று நிறுவப்பட்ட வகையில். இப்போது வேறுபாடு முக்கியமென்றால் வேறுபாட்டையே வரைகிறேன். மூல எண்களைக் கேட்பவர்களுக்கு அவற்றை அடுத்த பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.

இதைவிட மோசமான ஒன்றும் அந்தப் பழைய அறிக்கைகளில் கிடைத்தது. ஐந்து வகைப் புகார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாதத்துக்கு ஒரு பட்டையாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு வரைந்திருந்த அடுக்குப் பட்டைப் படம் அது. மொத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. கூட்டத்தில் எல்லோரும் நிலைமை சீராக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். நடுவில் மூன்றாவது அடுக்காக இருந்த வெளிர்பச்சை அந்த ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அதற்குக் கீழிருந்த இரண்டு அடுக்குகள் அதே வேகத்தில் இளைத்துக்கொண்டே வந்ததால், பச்சையின் மேல்விளிம்பு இருந்த இடத்திலேயே நின்றது. அடிவிளிம்பு மட்டும் கீழே இறங்கியது. அடியும் நுனியும் இரண்டுமே இடம் மாறக்கூடிய ஒரு பட்டையின் நீளத்தை மாதத்துக்கு மாதம் ஒப்பிடும் வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தால் அது செய்யாது, செய்ததுபோல் நடிக்கும். அடுக்குப் பட்டையில் நம்பக்கூடியவை இரண்டே இரண்டு: மொத்த உயரம், அடியில் இருக்கும் முதல் அடுக்கு. நடுவில் இருப்பவை அலங்காரம் என்றே நான் இப்போது எடுத்துக்கொள்கிறேன். அதே தரவை ஐந்து சிறு கோட்டுப் படங்களாக, ஒரே அளவுகோலில், பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். மூன்றாவது படம் ஏறிக்கொண்டே போனது. படம் ஒன்று என்பதில் இருந்த சிக்கனம், ஒரு பிரச்சினையை ஓராண்டு முழுவதும் மறைத்து வைத்திருந்தது.

பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எண் இரண்டு மடங்கானால், அதைக் குறிக்க வரையும் ஆள், வீடு போன்ற சின்னத்தின் உயரத்தை இரண்டு மடங்காக்குவது சிலருக்கு வழக்கம். அகலமும் கூடவே வளர்வதால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத் இதற்குக் கண்ட வழி எளிமையானது: சின்னத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் திரும்பத் திரும்ப வை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற படமும் பரப்பை நம்பியதுதான். மாதத்துக்கு ஓர் ஆப்பு என்று வட்டமாக விரியும் அந்தப் படத்தில், கிரிமியப் போரில் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்த படைவீரர்களின் எண்ணிக்கை நீலப் பரப்பாகவும் காயங்களால் இறந்தவர்களின் எண்ணிக்கை சிவப்புப் பரப்பாகவும் இருந்தது. பரப்பைக் கண் சரியாக அளக்காது என்ற ஆய்வாளர்களின் வரிசைப்படி பார்த்தால் அது தவறான தேர்வு. ஆனால் அவர் கேட்ட கழித்தல் நுட்பமானதே இல்லை; நீலம் சிவப்பை விழுங்கிக்கொண்டு நின்றது. அந்த அளவு வேறுபாட்டை எந்த வடிவமும் தாங்கும். அதிகாரத்தில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கவும் வேண்டியிருந்தது. சாதாரணப் பட்டைகள் அதைச் செய்திருக்குமா என்று எனக்கு ஐயம் உண்டு. துல்லியம் மட்டுமே அளவுகோல் என்று நான் நினைக்காததற்கு இந்தப் படமும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் இருக்கும் எண்களை எப்படிக் காட்டுவது என்பது. கையில் இருப்பதே சராசரியாக இருந்தால் எந்தப் படமும் உதவாது. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை அளக்கும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, பொருத்தப்படும் நேர்கோடும் ஒன்றே. ஒவ்வொரு இணை எண்ணையும் ஒரு புள்ளியாக வைக்கும் சிதறல் படமாக வரைந்தால் முதலாவது இயல்பான புள்ளிக்கூட்டம். இரண்டாவது அழகான வளைகோடு. மூன்றாவது நேர்கோட்டில் நிற்கும் பத்துப் புள்ளிகளும் விலகிய ஒன்றும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, தொலைவில் இருக்கும் ஒற்றைப் புள்ளி மட்டுமே அந்த ஒட்டுறவு முழுவதையும் உருவாக்குகிறது.

என் அனுபவத்திலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. புகாருக்குப் பதில் அனுப்ப ஆகும் சராசரிக் காலம் நான்கு நாள் என்று மாதந்தோறும் ஒற்றைப் பட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒவ்வொரு புகாருக்கும் ஆன நாள்களை நிகழ்வுச் செவ்வகமாக, அதாவது நாள்களைப் பிரிவுகளாக்கி ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை புகார் என்று காட்டும் பட்டைகளாக, வரைந்து பார்த்தேன். முதலில் பிரிவு இடைவெளியை ஐந்து நாள் என்று வைத்தேன். படிக்கட்டுபோல் இறங்கும் மூன்று செவ்வகங்கள் வந்தன, வியப்பு ஒன்றுமில்லை. இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்ததும் படம் மாறிவிட்டது. முதல் நாளில் ஒரு குன்று, ஏழாம் நாளை ஒட்டி இன்னொரு குன்று, நடுவில் பள்ளம். நான்காம் நாளில் பதில் பெற்றவர்கள் அநேகமாக யாருமே இல்லை. விசாரித்தபோது, இன்னொரு பிரிவின் கையெழுத்து தேவைப்பட்ட புகார்கள் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே நகர்ந்தன என்று தெரியவந்தது. புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970களில் பரவலாக்கிய, தரவின் நடுப்பாதியை ஒரு பெட்டியாகக் காட்டும் பெட்டிப் படத்தைப் பயன்படுத்தியிருந்தாலும் இது தெரிந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டி ஒரு நாளிலிருந்து ஏழு நாள்வரை நீண்டிருக்கும், வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையைக் குறிக்கும் கோடு ஆளில்லாத பள்ளத்தில் போய் விழுந்திருக்கும். பல குழுக்களின் பரவலை அருகருகே ஒப்பிடப் பெட்டிப் படம் மிக நல்ல கருவி. ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றைக் குன்று என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் அதைத் தொடுகிறேன்.

வகை சரியாக இருந்தும் படம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் நிகழ்வு 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலம். முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். வளையங்களில் சேதம் கண்ட முந்தைய பயணங்களைப் பார்த்தால் அவை குளிரிலும் நிகழ்ந்திருந்தன, வெப்பத்திலும் நிகழ்ந்திருந்தன. ஆகவே வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. விபத்துக்குப் பின் விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு சிதறல் படங்களை வைத்தது. முதலாவதில் சேதம் கண்ட பயணங்கள் மட்டும். இரண்டாவதில் சேதமே இல்லாத பயணங்களும் சேர்க்கப்பட்டு, பூஜ்ஜியம் என்ற வரியில் புள்ளிகளாக நின்றன. 66 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 19 பாகை செல்சியஸ், அல்லது அதற்கு மேல் நடந்த இருபது பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். 63 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 17 பாகை செல்சியஸ், அல்லது அதற்குக் கீழ் நடந்த நான்கு பயணங்களிலும் சேதம். அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே மேலே இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள்.

ஒரு நல்ல படம் இருந்திருந்தால் அந்த ஏவுதல் நின்றிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட நான் விரும்பவில்லை. அந்த இரவின் நெருக்கடிகள் பல. எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. இரண்டு படங்களும் ஒரே வகை. அச்சுகள் ஒன்றே, சேதம் கண்ட பயணங்களின் புள்ளிகளும் ஒன்றே. முதலாவதில் சேதம் கண்ட பயணங்களை அவற்றுக்குள்ளேயே ஒப்பிடும் கழித்தல். இரண்டாவதில் சேதம் கண்டவற்றையும் காணாதவற்றையும் ஒப்பிடும் கழித்தல். எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எதை எதிலிருந்து கழிக்கிறோம் என்ற கேள்வியின் மறுபாதி கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் நடக்காத நாள்களை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை என்பதால் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

மடக்கை அளவுகோலைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரண அளவுகோலில் சம தூரம் என்பது சமமான கூடுதல். மடக்கை அளவுகோலில் சம தூரம் என்பது சமமான பெருக்கல். 100, 200, 400, 800 என்று வளர்வது முதலாவதில் வானைப் பிளக்கும் வளைகோடு, இரண்டாவதில் அமைதியான நேர்கோடு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டும் செய்திகளில் மாறி மாறி வந்தன. பரவும் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்பவருக்கு மடக்கை அளவுகோலும், மருத்துவமனையில் எத்தனை படுக்கை வேண்டும் என்று கேட்பவருக்குச் சாதாரண அளவுகோலும் பொருந்தும். பொதுமக்களுக்கு மடக்கை அளவுகோலைக் காட்டும்போது அதன் பொருளை ஒரு வரியிலாவது படத்துக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது.

நிலப்படங்களில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஒன்று மட்டும் சொல்வேன். மொத்த எண்ணிக்கையை அப்படியே நிலப்படத்தில் நிறமாக ஏற்றினால் எதைப் பற்றிய படமானாலும் கடைசியில் மக்கள்தொகைப் படமாகவே வந்து நிற்கும், மக்கள் குறைவான பெரிய நிலப்பரப்பு கண்ணை இழுத்துக்கொள்ளும். மருத்துவர் ஜான் ஸ்னோ 1854இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றி நிகழ்ந்த காலராச் சாவுகளைக் குறித்த படம் வென்றது, இடமே அங்கே விடையாக இருந்ததால். சாவுகள் ஒரு குறிப்பிட்ட தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. இடம் விடையாக இல்லாதபோது நிலப்படத்தைவிட வரிசைப்படுத்திய பட்டைகள் மேல். நிறத்தைப் பொறுத்தவரை, வானவில் வரிசையைத் தவிர்த்துவிடுவதே எனக்குத் தெரிந்த நல்வழி; மஞ்சள் பச்சையைவிடப் பெரிதா என்று கண்ணுக்குத் தெரியாது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இடப்பக்கம் ஓர் அளவுகோலும் வலப்பக்கம் வேறோர் அளவுகோலுமாக இரண்டு கோடுகளை ஒரே சட்டத்துக்குள் திணிக்கும் படங்களை மட்டும் நான் பிடிவாதமாக மறுத்துவிடுகிறேன். அச்சுகளை நீட்டிச் சுருக்கி எந்த இரண்டு கோடுகளையும் கைகோத்து நடக்க வைக்கலாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஒரு பொருளும் இல்லை, ஆனால் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

இப்போதெல்லாம் படம் வரைவதற்கு முன் ஒரு தாளில், கண் எதிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதிக்கொள்கிறேன். சில நேரம் அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் படமே தேவையில்லை என்று தெரிந்துவிடும். இரண்டு எண்களுக்குப் படம் எதற்கு. வரைந்த பிறகு, தலைப்பை மறைத்துவிட்டு, அந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு தோழியிடம் காட்டி, முதலில் கண்ணில் படுவது என்ன என்று கேட்பேன். சென்ற மாதம் புதிய கிளைகளின் வளர்ச்சியைக் காட்ட ஒரு கோட்டுப் படம் வரைந்திருந்தேன். புதிய கிளைகளுக்கு அடர்நீலம். பின்னணிக்காகப் பழைய கிளைகளை வெளிர்சாம்பலில் விட்டிருந்தேன். அவள் பார்த்தாள். "இந்தச் சாம்பல் கோடெல்லாம் ஏன் ஒண்ணா இறங்குது?" என்றாள். நீலத்தைப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நானும் சாம்பல் கோடுகளைப் பார்த்தேன். ஏழும் ஒரே மாதத்திலிருந்து இறங்கியிருந்தன, புதிய கிளைகள் திறக்கப்பட்ட மாதத்திலிருந்து. அறிக்கை அனுப்ப இரண்டு மணி நேரம் இருந்தது. நிறங்களை இடம் மாற்றிவிட்டு, தலைப்பை வேறாக எழுதினேன்.